அறுவை சிகிச்சைக்கு முன் சிகரெட்டை நிறுத்துவது எப்படி: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கு வாசலில், பச்சை அங்கி உடுத்தித் தள்ளுகட்டிலில் படுத்திருந்தேன். வலப்பக்கக் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) வலை வைத்துத் தைக்க வேண்டும். மயக்க மருத்துவரான இளம்பெண் வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். முதுகுப் பக்கமும் கேட்டார். பிறகு, “ஐயா, கடைசியா எப்ப பிடிச்சீங்க?” என்றார். “நேத்து ராத்திரிம்மா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். “காலைல அஞ்சு மணிக்கு, எதிர்க்க டீக்கடைல ஒண்ணு” என்று நானே திருத்திச் சொன்னேன். மூச்சில் விசில் போன்ற ஒலி கேட்கிறது, அவசரமில்லாத சிகிச்சை இது, நான்கு வாரம் முழுதாக நிறுத்திவிட்டு வாருங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அவர் செய்தது சரி. என் மனக்குறை வேறு. முதல் நாள் ஓ.பி.யில் “எப்பவாவது ஒண்ணு” என்று நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு ரத்தம், எக்ஸ்ரே, எக்கோ என்று ஆறு முறை நடந்தும், எப்போது நிறுத்த வேண்டும், எதைக் கொண்டு நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுபவன். இருபத்தேழு ஆண்டுகளாக நாளுக்குப் பன்னிரண்டு சிகரெட் பிடித்தவன். இரண்டாம் முறை அந்தக் கட்டிலில் படுப்பதற்குள் நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை, இனி போகிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. தேதி கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள்

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்த பிறகு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. அந்தத் தேதி நம் கையில் இல்லை. படுக்கை காலியானால் பத்து நாளில் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் இரண்டு மாதம் தள்ளும். ஆகவே மருத்துவர் “ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும்” என்று சொன்ன அன்றே, அடுத்த ஒரு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது நான்கு வாரம் தேவை என்பதற்குக் காரணம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, அறுவை சிகிச்சைக்குச் சுமார் நான்கு வாரத்துக்கு முன்போ அதற்கும் முன்னதாகவோ நிறுத்தியவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு என்றும், நான்கு வாரத்துக்கு மேல் கூடும் ஒவ்வொரு வாரமும் விளைவை 19 சதவீதம் மேம்படுத்துகிறது என்றும் கூறுகிறது. நுரையீரல் குழாய்களில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கவும், புண் ஆறும் திறன் திரும்பவும் அத்தனை நாள் பிடிக்கிறது. என்னைப் போன்ற குடலிறக்கக்காரர்களுக்கு இதில் கூடுதல் கவலை ஒன்று உண்டு: தைத்த இடம் ஆறுவதற்கு முன் விடாமல் இருமினால், ஒவ்வோர் இருமலும் அந்த இடத்தை உள்ளிருந்து முட்டும். எலும்பு முறிவுக்குத் தகடு வைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகலாம். குடலை வெட்டி இணைத்தவர்களுக்கு இணைப்பில் கசிவு ஏற்படும் ஆபத்து கூடும்.

நான்கு வாரம் கிடைக்கவில்லை என்றால் நிறுத்தியே பயனில்லை என்று நினைக்க வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் நிறுத்திய நாலைந்து மணி நேரத்தில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஒரு நாளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். எனவே கடைசி ஒரு நாள் நிறுத்துவதுகூட இதயத்துக்கு உதவி. “ஆபரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்னால நிறுத்தினா சளி கூடிப்போகும், அதுக்குப் பிடிச்சுட்டே போறது மேல்” என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொன்னார். மருத்துவர்களிடையேயும் ஒரு காலத்தில் இந்த அச்சம் இருந்தது; பின்னால் வந்த ஆய்வுத் தொகுப்புகள் அதை ஆதரிக்கவில்லை. நிறுத்திய சில வாரங்களுக்கு இருமலும் சளியும் கூடுவதாகத் தோன்றலாம், அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு. குடலிறக்கம் திடீரென்று கெட்டியாகி, உள்ளே போகாமல், கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால் அது அவசரச் சிகிச்சை. அப்போது நான்கு வாரக் கணக்குப் பார்க்காமல், கையில் சிகரெட் இருந்தாலும் அதைப் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். புற்றுநோய்க்கான அறுவையையும் நீங்களாகத் தள்ளிப்போடக் கூடாது. அங்கே கிடைக்கிற நாட்களுக்குள் நிறுத்த வேண்டும்.

2. உண்மையான கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்

ஓ.பி.யில் பின்னால் முப்பது பேர் நிற்கும்போது வாய் தானாகவே பொய் சொல்லும். அதனால் வீட்டிலேயே எழுதிவிடுங்கள்: நாளுக்கு எத்தனை, எத்தனை ஆண்டாக, சிகரெட்டா பீடியா, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதலாவது, உதட்டில் அடக்கும் புகையிலையோ மூக்குப்பொடியோ உண்டா, மது எவ்வளவு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் எவை. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் நிக்கோட்டின் பிடி பலமாக இருக்கிறது என்று பொருள். மருந்தின் அளவை முடிவு செய்ய மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

மாத்திரைப் பட்டியலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டிச் சில மருந்துகளை வேகமாகக் கரைக்கின்றன. புகை நின்றதும் அதே அளவு மருந்து உடலில் கூடுதலாகத் தங்கும். மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோஃபிலின், மனநலத்துக்குத் தரப்படும் ஓலன்சபின், குளோசபின் ஆகியவை இந்த வகை. இன்சுலின் போடுபவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கும் அளவை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கலாம். நிறுத்தப்போகும் நாளை அந்தந்த மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறது, ஆகவே நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்து நல்ல எண்ணாகவே காட்டிவிடும். தள்ளுகட்டிலில் படுத்திருந்தபோது எனக்கும் 98தான்.

3. யாரிடம் போவது

செலவில்லாத வழி, சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண். இருபத்தேழு ஆண்டுகளில் எத்தனை அட்டை பிரித்திருப்பேன், அந்த எண்ணை ஒரு நாளும் படித்ததில்லை. இது நடுவண் அரசின் புகையிலை நிறுத்த உதவி எண். தமிழில் பேசலாம். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள். முதல் அழைப்பில் உங்கள் பழக்கத்தைக் கேட்டு, நிறுத்தும் நாளைக் குறித்துக்கொண்டு, பின்னர் அவர்களே அழைத்து விசாரிப்பார்கள். முதல் தடவை இணைப்புக் கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். எனக்கு மூன்றாவது தடவைதான் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்காக நிறுத்துகிறேன் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பேச்சு அதற்கேற்ப அமையும்.

நேரில் போவதென்றால் கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் பக்கம் உள்ள அரசு தலைமை மருத்துவமனை. சிதம்பரம் வட்டாரத்தாருக்கு, முன்பு ராஜா முத்தையா என்று அறியப்பட்ட அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மர், அரசு மார்பு நோய் மருத்துவமனை, கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் “புகைப்பழக்கம் நிறுத்தணும்” என்று சொல்லுங்கள். நுரையீரல் பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். சீட்டில் மனநலம் என்று எழுதியதைப் பார்த்ததும் கூச்சப்பட்டு வீடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். பழக்கத்தை விடுவிக்கும் மருத்துவம் அந்தப் பிரிவின் அன்றாட வேலை. அங்கே உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

காலையில் சீக்கிரம் போங்கள். வேலை நாள் ஒன்று போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. சூயிங்கம், பட்டை, மாத்திரை

மன உறுதி மட்டும் போதும் என்று நான் முதல் தடவை முயன்று, மூன்றாம் நாள் மாலை கடைப் பையனிடம் கடன் வாங்கிப் பிடித்தேன். மருந்து உதவியுடன் நிறுத்துவது தோல்வி அன்று. சொல்லப்போனால், தேதி நெருங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவில் வருகிறது. 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். நான் வாங்கியபோது 2 மில்லிகிராம் ஒன்று ஏறத்தாழ 12 ரூபாய் ஆயிற்று. தொடக்கத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று போடச் சொல்வார்கள். பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இதை மெல்லும் விதத்தில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். “இந்த கம் எனக்கு ஒத்துக்கலை” என்று தூக்கிப் போட்டவர்களில் பாதிப் பேர் இப்படி மென்றவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம். மெதுவாக மெல்லுங்கள். காரமோ சுருசுருப்போ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். அந்த உணர்வு அடங்கியதும் மறுபடி சில முறை மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி நேரம் தாங்கும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி, எலுமிச்சைச் சாறு, சோடா எதுவும் கூடாது. அவற்றின் புளிப்பு நிக்கோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடும். தண்ணீர் குடிக்கலாம். பல் செட் வைத்திருப்பவர்களுக்கு இது ஒட்டும். அவர்கள் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையைக் கேட்கலாம். மென்று முடித்ததைக் காகிதத்தில் சுற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.

பட்டை என்பது தோலில் ஒட்டுவது. பெரும்பாலும் 21, 14, 7 மில்லிகிராம் எனப் படிப்படியாக இறங்கும். தினம் வேறு வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். எல்லா மருந்துக்கடையிலும் இருப்பதில்லை. முன்னதாகச் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். பட்டை ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நேரத்தில் மட்டும் சூயிங்கம் போடும் முறையும் உண்டு. மருத்துவர் சொன்னால் செய்யுங்கள்.

மாத்திரைகள் இரண்டு: வரனிக்ளின், புப்ரோபியான். இரண்டும் மருத்துவர் சீட்டில் மட்டுமே. இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இங்கே காலக்கணக்கு முக்கியம். வரனிக்ளினை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். புப்ரோபியானை ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். ஆகவே மாத்திரை வழியை விரும்புபவர்கள் நான்கு வாரத்துடன் இந்த வாரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தவர்கள் புப்ரோபியானைச் சாப்பிடக் கூடாது. அந்த விவரத்தை மறைக்காதீர்கள். வரனிக்ளின் சிலருக்குக் குமட்டும், விசித்திரமான கனவுகள் வரும். சாப்பாட்டுக்குப் பின் நிறையத் தண்ணீருடன் போட்டால் குமட்டல் குறையும்.

“நிக்கோட்டின்தானே கெடுதல், அதையே ஏன் மெல்ல வேண்டும்?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடும் தாரும் சூயிங்கத்தில் இல்லை. புகைப்பதோடு ஒப்பிட்டால் இதுவே மேல் என்பதால்தான் மயக்க மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். ஆனால் நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும் என்பதும் உண்மை. தோலை எடுத்து வேறிடத்தில் ஒட்டும் சிகிச்சைகளில் சில மருத்துவர்கள் எந்த வடிவத்திலும் நிக்கோட்டினே கூடாது என்பார்கள். அறுவை மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

இவற்றுக்கு மாற்று என்று சிலர் காட்டும் மூன்று வழிகளை ஒதுக்கிவிடுங்கள். முதலாவது, பீடிக்கு மாறுவது. பீடி சின்னது, இலையில் சுற்றியது, ஆகவே இலேசானது என்ற எண்ணம் தவறு. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் சிகரெட்டைவிட அதிக நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகும். இரண்டாவது, உதட்டில் அடக்கும் புகையிலை. மூன்றாவது, மின்சிகரெட், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அதை விற்பதே குற்றம், ஆகவே கையில் கிடைப்பது என்ன சரக்கு என்று யாருக்கும் தெரியாது.

5. முதல் பத்து நாட்கள்

இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நில்லாமை, அகோரப் பசி. ஒரு வாரத்தில் தணியத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஒவ்வொரு தடவையும் எழும் தவிப்பு ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். அதைக் கடிகாரத்தைப் பார்த்துக் கடக்கலாம். நான் கிராம்பும் சோம்பும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மாலை நேரத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மெதுவாக நடந்தேன். அங்கும் சுண்டல் வண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் பற்ற வைத்துக்கொண்டுதான் நிற்பார், காற்றடிக்கும் திசை பார்த்து விலகிப் போக வேண்டும்.

டீயைக் குறையுங்கள். இது டீக்கடையைத் தவிர்ப்பதற்கான அறிவுரை மட்டும் அன்று. புகை நின்றதும் உடலில் காஃபின் கரையும் வேகம் குறைவதால், பழைய கணக்கில் ஆறு டீ குடித்தால் அது பன்னிரண்டு டீ போல வேலை செய்யும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதைச் சிகரெட் இல்லாத தவிப்பு என்று நினைத்துப் பற்ற வைப்பவர்கள் உண்டு. நான் ஆறை மூன்றாக்கினேன், நடுக்கம் நின்றது.

மலச்சிக்கல் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நிறுத்திய முதல் வாரங்களில் இது பலருக்கு வரும். குடலிறக்கம், மூலம் உள்ளவர்களுக்கு முக்குவது ஆகவே ஆகாது. முதல் நாளிலிருந்தே கீரை, கொய்யா, வாழைப்பழம், தண்ணீர் என்று கூட்டிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் மருந்து கேளுங்கள்.

நம் வட்டாரத்துக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டினால் முள்ளோடை, கன்னியக்கோயில் என்று புதுச்சேரி எல்லை தொடங்குகிறது, வரிசையாக மதுக்கடைகள். பரிசோதனைக்காகப் புதுச்சேரி போய்த் திரும்பும்போது, கூட வந்த நண்பர் “ஒரு பீர் மட்டும்” என்று இறங்கச் சொல்வார். மது உள்ளே போனதும் கை தானாகச் சிகரெட்டைத் தேடும். என் முதல் முயற்சி வீணானதில் பாதி அந்தப் பயணங்களில்தான். மதுவையும் அறுவைக்கு முன் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்பதால், அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மற்றபடி, துணைக்கு மனைவியையோ அக்காவையோ அழைத்துக்கொண்டு நிற்காத பேருந்தில் ஏறுவது நல்லது.

ஒரு நாள் வழுக்கிவிட்டால் முழு ஆட்டமும் போயிற்று என்று எண்ண வேண்டாம். தேதியைக் குறித்து வைத்துவிட்டு அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். மறைக்க மட்டும் வேண்டாம்.

6. கோப்பும் செலவும்

ஒரு கோப்பு வாங்கி, அதில் இவற்றை வரிசையாக வையுங்கள்: எல்லா ஓ.பி. சீட்டுகளும், தேதி தெரியும்படி பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே, எக்கோ, நுரையீரல் திறனை அறிய ஊதும் பரிசோதனை செய்திருந்தால் அதன் தாள், மாத்திரைப் பட்டியல், ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் மூலமும் நகல்களும். முதல் பக்கத்தில், கடைசியாகப் புகைத்த தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

சிகிச்சை தள்ளிப்போனால், காரணத்தையும் மீண்டும் வர வேண்டிய தேதியையும் எழுத்தில் வாங்காமல் வெளியே வராதீர்கள். நான் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். அடுத்த முறை போனபோது வேறு மருத்துவர் இருந்தார், புதிய ஆளைப் போல முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பழைய பரிசோதனைகளில் சிலவற்றைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். எவை செல்லும், எவை செல்லா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் போகிறவர்கள், தேதி மாறியதை அன்றைக்கே காப்பீட்டு மேசைக்குச் சொல்ல வேண்டும். முன் அனுமதி வாங்கியிருந்தால் அது என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போய்வர நாட்கள் ஆகும். சிகரெட் நிறுத்தும் நான்கு வாரத்தை இந்த வேலைக்குப் பயன்படுத்துங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் மாநிலம் மாறுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்: அந்த மருத்துவமனை இத்திட்டப் பட்டியலில் உள்ளதா, உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று சேரும் முன் கேளுங்கள்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் சிலர், “ஸ்மோக்கர்” என்று கேஸ் ஷீட்டில் ஏறினால் பணம் வராதோ என்று அஞ்சி மயக்க மருத்துவரிடம் மறைக்கிறார்கள். பாலிசி எடுக்கும்போதே பழக்கத்தை எழுதியிருக்க வேண்டும். அங்கே விட்ட பொய்யை அறுவை அரங்கில் காப்பாற்ற முயல்வது உயிரோடு விளையாடுவது.

என் கணக்கு இது. தள்ளிப்போனதால் திரும்ப எடுத்த பரிசோதனை, போக்குவரத்து, துணைக்கு வந்தவர்களின் ஒருநாள் தங்கல், போன சம்பளம் எல்லாம் சேர்ந்து சுமார் 6,000 ரூபாய். ஐந்து வாரத்துக்கு நான் போட்ட சூயிங்கம் சுமார் 2,500 ரூபாய். அதே ஐந்து வாரத்துக்கு நாளுக்குப் பன்னிரண்டு சிகரெட் வாங்கியிருந்தால் 7,500 ரூபாய் போயிருக்கும்.

7. முந்தைய நாளும் அன்று காலையும்

லைட்டரையும் மிச்சத்தையும் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள். மருத்துவமனை வளாகம் பொது இடம். அங்கே புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் வளாகத்துக்கு எதிரே டீக்கடை இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அதிகாலையில் பதற்றத்தில் கால் அங்கேதான் போகும். துணைக்கு இருப்பவரிடம், அறையை விட்டு வெளியே விடாதே என்று முன்பே சொல்லிவையுங்கள்.

வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரத்தை எழுதிக் கொடுப்பார்கள். பொதுவாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் என்றாலும், உங்கள் மருத்துவமனை சொல்வதே கணக்கு. அந்த நேரத்தில் நிக்கோட்டின் சூயிங்கம் மெல்லலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். எனக்கு வேண்டாம் என்றார்கள். பட்டை ஒட்டியிருந்தால் அதைக் காட்டுங்கள். அந்தக் காலையில் தவறி ஒன்று பிடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்குழாய் திடீரென்று சுருங்கிக்கொள்ளும் ஆபத்தை மயக்க மருத்துவர் எதிர்பார்த்துத் தயாராக இருக்க வேண்டும். திட்டு வாங்குவது அதைவிடச் சிறிய விஷயம்.

8. கண் விழித்த பிறகு

மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றை வாங்கி வரச் சொல்வார்கள். சில நூறு ரூபாய்தான். அதைப் பார்த்தவுடன் எல்லாரும் ஊதுகிறார்கள். நானும் ஒரு நாள் முழுக்க ஊதினேன். அது ஊதுவதற்கு அன்று, உள்ளே இழுப்பதற்கு. வாயில் குழாயைக் கவ்வி, மெதுவாக இழுத்துப் பந்துகளை மேலே நிறுத்தி, சில நொடி பிடித்து, விட வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை வரை செய்யச் சொல்வார்கள். முடிந்தால் அறுவைக்கு முந்தைய வாரத்திலேயே வாங்கிப் பழகுங்கள்; வலி இல்லாத நேரத்தில் கற்றுக்கொள்வது எளிது. இருமல் வந்தால் அடக்காதீர்கள். சிறு தலையணை ஒன்றைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் இன்னொரு கண்ணி. “அதான் ஆபரேஷன் முடிஞ்சிடுச்சே” என்ற எண்ணம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே வந்துவிடும். புண்ணும் உள்ளே வைத்த வலையும் ஆற இன்னும் வாரங்கள் தேவை. சூயிங்கத்தையும் சட்டென்று நிறுத்தாமல், மொத்தம் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை குறைத்துக்கொண்டே வரச் சொல்வார்கள். அதற்கான சீட்டை டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் அதற்காகவே ஒரு முறை போக வேண்டும்.

தையல் பார்க்கப் போன அன்று, இடப்பக்கத்திலும் சிறிதாக ஒன்று தொடங்கியிருக்கிறது, இப்போது அவசரமில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அதே கோப்பைத்தான் எடுத்துப் போவேன். முதல் பக்கத்தில் ஒட்டிய தேதியை மாற்ற வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.